மார்னி படித்துச் சொன்ன அட்டை

அன்புள்ள ஆர்லனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மார்னியும் சளி இருமல் போக மீதி நலம். நீயும் அந்த அலாஸ்காக் கடலில், மீன் நாற்றத்துக்கு நடுவே, பத்து விரலும் குறையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கப்பலில் போன் எடுக்காது என்பதால் பேனாவை எடுத்தேன், கப்பல் கரை தொடும்போது இது கிடைத்தால் போதும். இந்த வருஷம் மினசோட்டாவில் பனி கொட்டித் தீர்க்கிறது. விடியுமுன் கவுன்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியில் ஏறினால் பிற்பகலில்தான் இறங்குகிறேன், அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் அதே மாலை ஷிப்ட்தான். நாங்கள் இரண்டு பேரும் சமையலறை வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வதற்குப் பெயர் குடும்பம்.

உன் தங்கை ஒன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து இந்த ஊரில் படிப்பு என்ற பெயரில் நடக்கிற கூத்தைச் சொல்லி மாளாது. திங்கள்தோறும் ஒரு தாள் வரும், அதில் ஏழு கட்டம் இருக்கும். பிள்ளை வீட்டில் தினம் இருபது நிமிஷம் படிக்க வேண்டும், பெற்றவர் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நூறு நிமிஷம் சேர்ந்தால் வகுப்புச் சுவரில் அந்தப் பிள்ளையின் பெயரில் ஊர்கிற காகிதப் புழுவுக்கு ஒரு பச்சை வட்டம் ஒட்டுவார்கள். புழு கதவைத் தொட்டால் இலவச பீட்சாவுக்குச் சீட்டு. ஆறு வயதுப் பிள்ளைக்குப் படிப்பு ருசிக்க அதன்மேல் சீஸ் தூவ வேண்டியிருக்கிறது. நூலகத்தில் இன்னும் விசேஷம், சனிக்கிழமை காலையில் ஒரு கிழட்டு நாயைக் கொண்டுவந்து கம்பளத்தில் படுக்க வைத்து, பிள்ளைகளை அதற்குப் படித்துக் காட்டச் சொல்கிறார்கள். நாய் திருத்தாதாம், அதனால் பிள்ளைக்குத் தைரியம் வருமாம். மார்னி படித்துக்கொண்டிருக்கும்போது அந்த நாய் தலையைத் தூக்கிப் புத்தகத்தின் படத்தின்மேல் வைத்துக்கொண்டது. எழுத்து முழுக்க வெளியேதான் தெரிந்தது, ஆனாலும் மார்னி அப்படியே நிறுத்திவிட்டாள். நாய்க்காக நிறுத்துகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

எதிர்வீட்டு டார்லாவை மறந்திருக்க மாட்டாய். தன் மகள் பிரிட்டாவுக்காக வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். நாற்காலியில் 'நாற்காலி', கதவில் 'கதவு', கழிப்பறையிலும் ஒன்று, தெரியாமல் வேறெங்காவது போய்விடுவார்கள் என்று பயம்போல. சாயங்காலமானால் தாயும் மகளும் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக முனகுவது தெருவுக்கே தெரியும். பிரிட்டாவின் புழு பாதிச் சுவரைக்கூடத் தாண்டவில்லை. நம் மார்னியின் புழு கதவைத் தொட்டு, திரும்பி, ஜன்னல் வரை போய்விட்டது. பனி வண்டிகள் நிற்கிற கராஜில் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அது எப்படி வளர்ந்தது என்று கேட்பாய். தாள் வரும் திங்களன்றே ஏழு கட்டத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டு அவள் பைக்குள் திணித்துவிடுவேன். பிறகு தினமும் படிச்சியா என்று கேட்பேன், படிச்சேன் என்பாள், அத்தோடு நானும் பாதி உறங்கிப் போய்விடுவேன். சில நாள் புத்தகத்தைத் திறந்து கடகடவென்று சொல்லியும் காட்டுவாள். நல்ல குரல், நல்ல ஏற்ற இறக்கம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் பிப்ரவரி தொடக்கத்தில் நீ அவளுக்கு அனுப்பிய அட்டை வந்தது. நம் வீடு, புகைபோக்கி, கேக், வாசலில் உன் கோமாளித் தொப்பியோடு நீ, இவ்வளவும் வரைந்து கீழே பெரிய எழுத்தில் நாலு வரி எழுதியிருந்தாய். மார்னி நாற்காலியில் ஏறி நின்று எங்களுக்குப் படித்துக் காட்டினாள். அண்ணன் என் பிறந்தநாளுக்கு வருது, கேக்கைத் தொடாம வைக்கணுமாம் என்று தங்குதடையில்லாமல் படித்தாள். அட்டை அவள் பெயருக்கு வந்தது, நேரே அவளுடைய தகரப் பெட்டிக்குள் போய்விட்டது, அதை வேறு யாராவது தொட்டால் வீடு இரண்டாகும். தவிர, ஊரிலேயே நீளமான புழு வைத்திருப்பவள் படித்ததை நாங்கள் சரிபார்க்கவா? பிறந்தநாள் விழுந்த சனிக்கிழமையின் ஷிப்டை அம்மா மாற்றிக்கொண்டாள், உன் படுக்கைக்குப் புது உறை போட்டாள், உனக்குப் பிடித்த, கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுடுகிற ஹாட்டிஷ் செய்து வைத்தாள். நீ எப்போதும் வருகிற இரண்டு மணி பஸ்ஸுக்கு நானும் மார்னியும் முப்பது மைல் போய் அந்தப் பெட்ரோல் பங்கில் நின்றோம். அவள் வண்டிக்குள் உட்கார மறுத்துவிட்டாள். அந்தக் குளிரில் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது, ஒரு கிழவியும் ஒரு ராணுவக்காரனும் இறங்கினார்கள், பஸ் போய்விட்டது. பனியில் இணைப்பு பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாய் என்று நானே சமாதானம் சொல்லிக் கூட்டிவந்தேன்.

வீட்டில் பிள்ளைகள் விருந்துக்கு வந்திருந்தார்கள். மார்னி அட்டையைக் கேக் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அண்ணன் அடுத்த பஸ்ஸில் வருது என்று எல்லோருக்கும் சொன்னாள். பிரிட்டா குனிந்து, விரல் வைத்து, எழுத்தெழுத்தாக முனக ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சல், இங்கேயும் வந்து ஆரம்பித்துவிட்டதா என்று. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து, "உங்க அண்ணன் வரமாட்டாராம். மே மாசம் வரைக்கும் கப்பல்லயே இருப்பாராம். அவரு துண்டு கேக்கையும் நீயே தின்னணுமாம்" என்றாள். மார்னி அவள் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கினாள். "பொய் சொல்றா! வாசல்ல அண்ணன் நிக்கிறது படத்துலயே இருக்கு பாருங்க." அம்மா அட்டையை வாங்கிப் படித்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். பிரிட்டா படித்ததுதான் அதில் இருந்தது. அன்று கேக்கை யாரும் சரியாகத் தின்னவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன், சண்டை பிடிக்கத்தான் போனேன். ஆசிரியை மிஸ் ஹோல்முக்கு உன் வயதுதான் இருக்கும். படத்தைப் பார்த்து யூகிப்பதும் ஒரு வழி என்று ஏதோ சொன்னாள், எனக்கு ரத்தம் தலைக்கேறியது, புழுவைக் காட்டி, இது என்ன அப்போது என்று கேட்டேன். அவள் அலமாரியிலிருந்து மார்னியின் தாள்களை எடுத்து மேஜையில் வைத்தாள். "மிஸ்டர் பிரெக்கி, எனக்கு இருபத்து நாலு பிள்ளைங்க. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் ஒதுக்க முடிஞ்சா அதிகம். மீதி வீட்டுல நடக்குதுன்னு நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்க, நான் நம்பினேன்" என்றாள். மேலே இருந்தது அந்த வாரத் தாள். அன்று புதன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருந்தது. இன்னும் விடியாத நாட்களில் என் மகள் இருபது நிமிஷம் படித்து முடித்திருந்தாள். இந்த ஊரில் நான் கேலி செய்யாத ஆள் கிடையாது, அந்த நாய் உட்பட. அது வாரம் ஒரு மணி நேரமாவது அவள் பக்கத்தில் படுத்திருந்தது.

இப்போது தினமும் நாலு மணிக்கு, அம்மா வேலைக்குப் போனதும், நானும் அவளும் மேஜையில் உட்காருகிறோம். காலையில் பாலில் போட்டுத் தின்கிற தானியப் பெட்டியின் அட்டையை வெட்டிப் படத்தை மூடிவிடுகிறேன். அவள் அழுகிறாள், புத்தகத்தை எறிகிறாள், நீ கெட்ட அப்பா என்கிறாள். எனக்கும் பொறுமை கிடையாது, இரண்டு முறை எழுந்து கொட்டகைக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு டார்லா வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு குத்தல்கூடச் சொல்லாமல் மிச்சச் சீட்டுக் கட்டைக் கொடுத்தாள், அதுதான் இன்னும் எரிகிறது. நம் கழிப்பறைக் கதவிலும் இப்போது ஒன்று இருக்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சனிக்கிழமையிலிருந்து மூன்று வாரமாக மார்னி உன் பெயரை எடுக்கவில்லை. தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். வரேன் என்று எழுதிவிட்டு நீ வராமல் போனாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பிரிட்டா படித்ததை நம்பவில்லை, அம்மா சொன்னதையும் நம்பவில்லை. நேற்று அவளே பெட்டியை இழுத்து, உன் அட்டையை எடுத்து வந்து, தானியப் பெட்டித் துண்டால் வீட்டையும் கேக்கையும் உன்னையும் தானே மூடினாள். நான் ஒரு எழுத்தும் எடுத்துக்கொடுக்கவில்லை. நாலு வரிக்குப் பதினொரு நிமிஷம் ஆனது, சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.  முடித்ததும், "அண்ணன் வரேன்னு சொல்லவே இல்லப்பா" என்றாள். உன் படத்தின்மேல் இருந்த துண்டை எடுத்துவிட்டு, அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல், குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். அந்தப் பதினொரு நிமிஷத்தை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

கடவுள் உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாற்றட்டும். கையுறை இல்லாமல் கயிற்றைப் பிடிக்காதே, அம்மா மூன்று முறை சொல்லச் சொன்னாள். அடுத்த அட்டையில் படம் வேண்டாம். ஐந்தாறு வார்த்தை போதும், பெரிதாக எழுது, நீ செய்யப்போவதை மட்டும் எழுது, அவள் படித்துவிடுவாள்.

இதை முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும்,
உன் அப்பா,
லைல் பிரெக்கி