ஓடுகிற கல்லுக்கு ஒரு கொக்கி

குமுளியிலிருந்து இறங்கிய பஸ்ஸில் இன்று காலை பிரேக் லைனிங் கருகும் வாசம் வந்தது. மலைப்பாதையில் வழக்கமான வாசம்தான். பக்கத்திலிருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார், அவ்வளவுதான். நானோ முன்சீட்டுக் கம்பியைப் பற்றிக்கொண்டேன். அடிவாரத்து லோயர் கேம்ப் வந்து பஸ் சமதளத்தில் ஓடத் தொடங்கும்வரை அதை விடவில்லை. அந்த வாசத்தில் நீ மறுபடியும் அந்தத் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தாய்.

நீ உத்தமபாளையத்துக்காரி, கல்லூரியில் இயற்பியல் நடத்தினாய். நான் பழனிசெட்டிபட்டியில் மோட்டார், பாரம் இழுக்கும் வின்ச் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளியில் ஒரே பெஞ்ச் என்ற உரிமையில் ஒரு மத்தியானம் பட்டறைக்குள் நுழைந்து, வணக்கம் கூடச் சொல்லாமல் கேட்டாய்.

"ஏடி, ஓடுற லாரியில கொக்கிய மாட்டுனா கயிறு அறுந்துரும்ல? அறாம இருக்க, கயிறு சுத்துற உருளை ஒண்ணு செஞ்சு தாரியா?"

"யாரு லாரி?"

"லாரியில்ல. சிறுகோள்."

கேலி செய்கிறாய் என்றுதான் நினைத்தேன். பிறகு என் சாக்பீஸாலேயே தரையில் வரைந்து காட்டினாய். தூரத்துக் கிரகங்களுக்குப் போகும் கலம் தன் எடையில் பெரும்பங்கை எரிபொருளாகவே சுமக்கிறது. விண்வெளிக் கற்களான சிறுகோள்களோ ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்று கடந்து போகையில் கலத்திலிருந்து கொக்கியை எறிந்து, உருளையிலிருந்து கயிற்றை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக் பிடித்தால் கல்லின் வேகம் கலத்துக்கு வந்துவிடும். வேண்டிய இடம்வரை அதோடு போய், கழற்றிக்கொண்டு, இன்னொரு கல்லைப் பிடிக்கலாம்.

"சடார்னு இழுத்தா எல்லாம் சுக்குநூறு. நைசாப் பிடிக்கணும்," என்றாய்.

ஆராய்ச்சிகளுக்குப் பணம் தருகிறவர்களுக்கு எழுதியிருந்தாய். யோசனை நன்று, ஆனால் கலம் குலுங்கிச் சிதறாது என்று செய்து காட்டுங்கள் என்று அவர்கள் பதில் போட்டார்கள். அதற்காகத்தான் அந்த நான்கு சக்கரத் தள்ளுவண்டியும், அதன்மேல் உருளையும், பிரேக் நெம்புகோலும், படம்பிடிக்க ஒரு கேமராவும். மணல் மூட்டைகளை ஏற்றி முதலில் பார்த்தோம். பிரேக்கை இயக்க நான் வைத்த மோட்டார் கயிற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஒரு முறை கயிறு கடைசிவரை ஓடி, நுனியை உருளையோடு கட்டியிருந்த முடிச்சு வெட்டி இழுத்ததில் வண்டி குப்புறக் கவிழ்ந்தது. மனிதக் கை வேண்டும் என்றாகிவிட்டது. நான் ஏறுகிறேன் என்றேன். நீ ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "என் கணக்கு, நாந்தான் உக்காருவேன்," என்றாய்.

நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பா சோதனை அன்று காலை பட்டறைக்கே வந்துவிட்டார். உன்னிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்து என்னைத் தனியே அழைத்தார்.

"ஏம்மா, உசுருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது அத்தா. நான் பக்கத்துலயே ஸ்கூட்டர்ல வாரேன்."

ஊருக்கு வெளியே, போட்டு முடித்தும் திறக்காமல் கிடந்த சாலை. என் தம்பி செல்வம் பின்புறம் வலை கட்டிய மினி லாரியை ஓட்டிவந்தான். சாலை முடிகிற இடத்தில் மலைபோல ஜல்லிக் குவியல். அதற்கு வெகுமுன்பே நீ உருளையில் செருகிய ஒரு இரும்பு ஊசியை உருவிக் கயிற்றை விடுவித்துவிட வேண்டும், பிறகுதான் அவன் பிரேக் போடுவான் என்பது ஏற்பாடு. தள்ளுவண்டியின் சக்கரங்களுக்குத் தனியே பிரேக் கிடையாது.

லாரி உன்னைக் கடந்தது. நீ எறிந்த கொக்கி வலையில் மாட்டியது. கயிறு சீறிக்கொண்டு ஓடியது. நெம்புகோலை நீ இழுக்க இழுக்க லைனிங் புகைந்தது. வண்டி அசைந்தது, உருண்டது, ஒரு குலுக்கல் இல்லாமல் லாரியின் வேகத்தையே எடுத்துக்கொண்டது. நீ என் பக்கம் திரும்பிச் சிரித்தாய்.

அடுத்து ஊசியை உருவப் பார்த்தாய். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாய். சூட்டில் வளைந்து இறுகியிருந்தது.

ஹாரனை அழுத்தினேன். செல்வத்துக்குக் கேட்கவில்லை. லாரி கிளப்பிய புழுதியில் கண்ணாடியில் எங்களை அவன் பார்த்திருக்கவும் முடியாது. ஜல்லிக் குவியல் தெரியத் தொடங்கிவிட்டது. அவன் பிரேக் போட்டால் நீ போய் லாரியின் இரும்பில் மோதுவாய்.

"பிரேக்க முழுசா விடுடி!" என்று கத்தினேன்.

"முடிச்சு இருக்கே! கவுந்துருவேன்!"

"இல்லடி! நேத்தே அவுத்துட்டேன்! நுனியில வெறும் டேப்புத்தான்! விடு!"

நீ என்னைப் பார்த்தாய். கை நெம்புகோலில் அப்படியே இருந்தது. பள்ளி நாளிலிருந்து நீ என் பேச்சைச் சரிபார்க்காமல் ஒப்புக்கொண்டதே இல்லை. சரிபார்க்க அங்கே நேரமில்லை.

விட்டாய். வண்டி தளர, லாரி விலக, கயிறு மறுபடியும் சீறி ஓடியது. அதன் நுனி உருளையிலிருந்து கழன்று காற்றில் சுழன்று போனது. வண்டி தன் போக்கில் உருண்டு ஓரத்துக் கருவேலஞ் செடியில் போய் நின்றது. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் உன்னைத் தூக்கினேன். நீ குனிந்து வாந்தி எடுத்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "கேமரா ஓடுச்சா?"

ஓடியிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுதினார்கள்: குலுக்கல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் நிஜமான சிறுகோளின் வேகத்தைத் தாங்கும் அத்தனை நீளக் கயிறு இன்று உலகில் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. உனக்கு வரவில்லை.

"அவுக சொல்றது சரிதாண்டி. கயிறு இன்னும் வரல. ஆனா பிடிக்கிற விதம் சரின்னு ஒத்துக்கிட்டாகள்ல?"

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வாரத்துக்குள் நீ போய்விட்டாய். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கத்திச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் அத்தாவைப் பார்க்கவே பயந்து சில மாதம் அந்தப் பக்கம் போகாமலிருந்தேன். ஒரு நாள் அவரே போன் செய்தார். டிவியில் ஒரு விண்கல் பூமியை நெருங்கி வருவதாகச் சொன்னார்களாம். தெருவில் எல்லோரும் தலையில் விழுமா என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் கேட்டது வேறு.

"ஏம்மா, இது எந்தப் பக்கமாப் போகுதாம்? நம்ம புள்ள சொன்ன மாதிரி ஏறலாமா?"

எனக்குத் தெரியாது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நீ சொல்லித் தந்ததை வைத்து அதன் பாதையையும் வேகத்தையும் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்கு நேரம் பிடித்தது. அதன்பிறகு ஒவ்வொரு கல் வரும்போதும் அவர் கூப்பிடுகிறார், நான் பார்த்துச் சொல்கிறேன். இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் போன் அடித்தது; இன்னொரு கல்லாம். பார்த்தேன்.

"இது ரொம்ப வேகம், அத்தா," என்றேன். "அடுத்தது வரட்டும்."