கோட்டையும் மரச்சீனியும்

ஜூன் 8, ஞாயிறு
இன்று தபாலில் துணி வந்தது. விளையாட்டு வரவில்லை, விளையாட்டில் வரும் கோட்டையின் வரைபடத்தைத் துணியில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஆறு வருடத்துக்கு முன், 'கிரகணக் கோட்டை' என்ற பழைய வீடியோ கேமுக்கு மறுபடி உயிர்கொடுக்கிறோம், ரசிகர்களே கைகொடுங்கள் என்று இணையத்தில் பிரிவுக்கு வந்து காசு வசூலித்த கூட்டம் இது. அடுத்த வருடமே தருவதாகச் சொன்னார்கள். நெய்யாற்றின்கரை கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் ஆடிய ஆட்டம். கொடுக்காமல் இருக்க முடியுமா?

நந்தனா துணியைத் தொட்டுப் பார்த்து, "இதுக்காவது ஒரு உபயோகம் உண்டு" என்று இஸ்திரி போடும் மேசையில் விரித்துவிட்டாள். கோட்டை வாசலில் என் சட்டைக் காலர். பொண்டாட்டியிடம் கோபித்து என்ன பயன்?

ஜூன் 11
அவர்களுடைய இணையப் பக்கத்தில் போய் எழுதினேன்: என் டிரைவிங் ஸ்கூலில் எச் வடிவில் வண்டி ஓட்டத் தெரியாமல் கம்பியெல்லாம் சாய்த்தவர்கள்கூட லைசென்ஸ் வாங்கி, வண்டி வாங்கி, அதை விற்றும்விட்டார்கள். நீங்கள் எப்போது?
நிறைய பேர் சிரித்தார்கள். 

ஜூன் 22
பதில் வந்தது. "அடித்தளத்தையே புதிதாக அமைக்கிறோம். தரத்தில் சமரசம் செய்யமாட்டோம். உங்கள் பொறுமையே எங்கள் பலம்." கூடவே ஒரு நாயின் படம். ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. பழைய விளையாட்டில் நாயே கிடையாது. நான் நாய் கேட்டேனா?

ஜூலை 6, ஞாயிறு
இது வேறு தலைவலி. எங்கள் கிளப்பின் பழைய வாலிபால் மைதானத்தை மீட்டெடுக்கப் போன ஓணத்துக்கு ஊரெல்லாம் பிரிவு எடுத்தோம். செக்ரட்டறி நான். இன்று காலை வாட்ஸப் குழுவில் என் கூட்டாளி மனு ஆரம்பித்துவைத்தான்: "இந்த ஓணத்துக்காவது வாலிபால் களி உண்டா, இல்லியா?" அவன் என்னோடு சேர்ந்து அந்த மைதானத்தில் முட்டியைத் தேய்த்தவன். அவன் பின்னால் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

மைதானத்தில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, நிற்கிறது. நட்டது பொன்னப்பன் அண்ணன். நிலமும் அவருடையதுதான், இத்தனை காலம் வாடகை வாங்காமல் விளையாட விட்டவர். அந்த மனிதரிடம் போய், நட்டதைப் பிடுங்கு என்று எந்த முகத்தோடு சொல்வது? மரச்சீனி ஆள் உயரம் நிற்பது ஊருக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். செக்ரட்டறி கேட்கட்டும், கெட்ட பெயரும் அவனே எடுக்கட்டும்!

வேறு வழி தெரியாமல் நாய்க்காரர்களின் கடிதத்தை அப்படியே மலையாளத்தில் மாற்றிப் போட்டேன். அடித்தளம், தரம், பொறுமை, பலம். எல்லாரும் கைதட்டினார்கள். குழுவில் உள்ள பிரசீதா டீச்சர் கும்பிடு வேறு போட்டிருக்கிறார்.

ஜூலை 20
மறுபடி கேட்டார்கள். மறுபடி போட்டேன். கடையில் தொங்கிய ஒரு வலையின் படத்தையும் சேர்த்தேன். பிரமாதமாக வேலை செய்கிறது.
தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த நாயை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
கிளப்பின் பொதுயோகம். கூட்டத்தின் முன்வரிசையில் பொன்னப்பன் அண்ணன். நான் எழுந்து, "அடித்தளத்தையே புதிதாக—" என்று தொடங்கியதுமே பின்னாலிருந்து மனுவின் குரல்.
"எலே ஜெயா, அடுத்தது நாயி படமா?"

படுபாவி, அவனும் கோட்டைக்குக் காசு போட்டவன்! இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொன்னானா? போனை எடுத்து அந்தக் கடிதத்தை முழுசாக வாசித்துக் காட்டினான். யோகமே சிரித்தது. பிறகு, "தடசம் என்னவாக்கும்? எது தடுக்குது? நேராட்டு சொல்லு" என்றான்.
எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பொன்னப்பன் அண்ணன்தான் மெதுவாக எழுந்தார். "நீங்க கிரவுண்ட விட்டுப்போட்டியன்னுல்லா நான் நெனச்சேன். சும்மா கெடக்காண்டாம்னு நட்டது. ஒரு வாக்கு கேட்டிருந்தா அன்னைக்கே புடுங்கியிருப்பேனே மக்கா. கெழங்கும் இப்ப முத்திப்போச்சு."
புதிய செக்ரட்டறி மனு. முன்மொழிந்தது நானே, மரியாதையாக இறங்க அது ஒன்றுதான் வழி.

ஆகஸ்ட் 10
எல்லாருமாகச் சேர்ந்து பிடுங்கினோம். அவித்த கிழங்கு நார்நாராக வந்தது. மீன்கறி இருந்ததால் தப்பித்தோம். மண்ணை நிரவாமலே வலை கட்டி ஆடினோம். பந்து மேட்டில் பட்டு எங்கெங்கோ போனது. இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

ஆகஸ்ட் 12
புதிய கடிதம். நாய் இப்போது வாலாட்டுகிறது.

ஆகஸ்ட் 13
திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன். கை வேறு எழுதியது: உங்கள் மைதானத்தில் என்ன நட்டிருக்கிறது? யாரிடம் கேட்கக் கூச்சப்படுகிறீர்கள்? மரச்சீனிக் கதையையும் சொன்னேன்.

ஆகஸ்ட் 21
எனக்கு மட்டும் தனியாகப் பதில். பழைய விளையாட்டை உருவாக்கியவரிடம்தான் அதன் மூலக் கோப்புகள் இருக்கின்றனவாம். உரிமையை இலவசமாகத் தந்த பெரியவர். கோப்புகளையும் தேடித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? அதனால் எல்லாவற்றையும் புதிதாகச் செய்கிறார்களாம். இதுவரை உருப்படியாக வந்தது நாய் மட்டும்தானாம்.
உடனே கேளுங்கள் என்று எழுதினேன். நந்தனாவிடம் சொன்னபோது, "அங்கயும் நம்ம ஊரு ஆளுவதானா?" என்றாள்.

செப்டம்பர் 1
கேட்டார்களாம். பெரியவர் அன்றைக்கே அனுப்பிவிட்டாராம், இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்ற வருத்தத்தோடு. இனி ஒரு வருடம் போதும், பொறுத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறார்கள்.
அவசரமே இல்லை, நிதானமாகச் செய்யுங்கள் என்று பெருந்தன்மையாகப் பதில் போட்டேன். அப்படியே கிளப் குழுவைத் திறந்து எழுதினேன்: "செக்ரட்டறி மனு, கிரவுண்டுக்கு லைட்டு எப்பளாக்கும்?"