மச்சினனின் மூன்று கோடுகள்

பிப்ரவரி 3
மச்சினனின் கட்டுரை வெளிவந்துவிட்டது. இரண்டு வைரங்களுக்கு நடுவே கல்துணுக்கை வைத்து நசுக்கியவன் நான். எறும்பின் இமைமுடி அளவு கல். அதன்மேல் பூமியின் அடிவயிற்று அழுத்தம் முழுவதும்! எக்ஸ்ரேயைக் குறிபார்த்தது மட்டும் அவன். புதிய படிக அமைப்பைக் கண்டுபிடித்ததோ அவன் ஒருவனாம். நன்றியுரையில்கூட நான் இல்லை.

“விட்டுப் போச்சு அத்தான்” என்கிறான். விட்டுப்போக நான் என்ன குடையா?

பிப்ரவரி 5
கட்டுரையிலிருந்த எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரித்த சிரிப்பில் மாடி இடியாதது கட்டியவர் புண்ணியம். அவன் ஆதாரம் மூன்று புதிய கோடுகள். அதில் இரண்டு, கல்லைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தின் கோடுகள்! எக்ஸ்ரே விலகி வளையத்தை உரசியிருக்கிறது. மூன்றாவது? துணைக்கு ஆளில்லாமல் அதுவும் சாகும்.

மாநாடு வரட்டும்.

பிப்ரவரி 11
மனைவி கெஞ்சுகிறாள்: “அவன்கிட்ட தனியா சொல்லிடுங்களேன். என் தம்பிங்க.”

உன் தம்பி என்பதால்தான் சபையில் சொல்லப்போகிறேன். அன்னியனுக்கு இவ்வளவு மெனக்கெடுவேனா?

மார்ச் 9
மாநாடு. மச்சினன் பேசி முடித்ததும் எழுந்தேன். “ஐயா, தங்கள் புதிய படிகத்தில்தான் நாங்கள் வளையம் வெட்டுகிறோம். டப்பா நிறையக் கிடக்கிறது, அனுப்பட்டுமா?”

அரங்கம் சிரித்து உருண்டது. அவன் தண்ணீர் குடித்தபோது டம்ளர் பல்லில் இடித்தது. என் காதுக்கு அது நாதஸ்வரம்.

மார்ச் 17
கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டானாம். இன்று மதியச் சாப்பாட்டையே இரண்டு முறை சாப்பிட்டேன்.

மார்ச் 24
சமாதிக்குக் கடைசிக் கல் வைக்கலாமென்று நானே மறுபடி அளந்தேன். ஒல்லியான கதிர், வளையத்தில் படவே படாது. இரண்டு கோடுகள் ஒழிந்தன. மூன்றாவது போகவில்லை. அழுத்தத்தை இறக்கினால் மறைகிறது, ஏற்றினால் வந்து நிற்கிறது. மறுபடி. மறுபடி. அதற்குத் துணையாக, அவன் கண்ணில் படாத மங்கலான கோடுகள் வேறு.

பாவிப்பயல், சரியாத்தான் சொல்லியிருக்கான்.

மார்ச் 25
சொல்வதா? ஏன் சொல்லணும்? முதலில் அவன் வந்து என் முன்னால் நிற்கட்டும்.

ஏப்ரல் 19
வரவில்லை. திமிர்.

மே 30
வரவில்லை.

ஜூன் 14
மச்சினனிடமிருந்து மின்னஞ்சல். கடல் தாண்டி யாரோ வெளியிட்ட கட்டுரை. அதே கல், அதே அழுத்தம், அதே அமைப்பு. என் மங்கலான கோடுகள் எல்லாம் பளிச்சென்று. கீழே ஒரு வரி: “நான் சொன்னது சரிதான் அத்தான்.”

மனைவியும் படித்தாள். “நீங்க திரும்பப் பண்ணிப் பாக்கலையா?”

“இல்ல” என்றேன். ஒரே வார்த்தை. அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.