நெற்றி வைத்த வண்டி

திருக்காட்டுப்பள்ளி பஸ் கண்டக்டர் இன்று காலை ஒரு கவரை நம் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்ததும் சந்தன வாடை. உள்ளே ஒரு சென்சார். நாம் பள்ளிகளுக்கு விற்கிற ரோபோ வண்டியின் முகப்பில் இரண்டு வட்டக் கண் மாதிரி இருந்துகொண்டு, எதிரே சுவர் வருகிறதா என்று பார்க்குமே, அதுதான். இரண்டு கண்ணிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிப் போயிருந்தது.

"ஆயுத பூஜைக்கு அப்புறம் வண்டி சுவத்துல போய் முட்டுதுங்க சார். நாளைக்குப் போட்டி இருக்குங்க" என்று அந்தப் பள்ளி டீச்சர் போனில் அழாத குறையாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் உன்னைத்தான் திட்டினேன். மாசியில் பாதிச் சாப்பாட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவனைப் புரட்டாசியில் திட்டுவது நியாயமில்லைதான். வேறு யாரைத் திட்டுவது, சொல்.

காலையிலிருந்தே நான் நிலைகொள்ளாமல் இருந்தேன். ஷட்டரைத் திறந்தேன், பாதி இறக்கினேன், மறுபடி திறந்தேன். நம் கடைச் சரக்கை மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒரு திருச்சிக்காரர் சாயங்காலம் வருவதாக இருந்தார். கொடுப்பதா வேண்டாமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். "நீங்க சொல்றதுதாண்ணே" என்று உன் மனைவி என் தலையிலேயே கட்டிவிட்டார். நான் வண்டி ஓட்டுவேன், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசுவேன், பில் போடுவேன். கை வேலை எல்லாம் உன்னுடையது. ஒரு வயரைப் பற்றவைக்கத் தெரியாதவன் இந்தக் கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதல் வருஷத்து ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கும். மறுநாள் போன் மேல் போன். எல்லாப் பள்ளியிலும் வண்டிக்குக் கண் தெரியவில்லை. ஒரு ஹெட்மாஸ்டரிடம், "எலக்ட்ரானிக் சாமானுக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா சார்?" என்று நான் எகிறினேன். நீ போனைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சிரித்தாய்.

"ஏன்டா, நீ உன் பைக்குக்கு வைக்கல?"

"ஹெட்லைட்டுலயா வச்சேன்?"

"அதுக்கு மேல இடம் இருக்கு, வச்ச. இதுக்கு மூஞ்சி பூரா கண்ணு. நெத்தியே இல்லாதவனுக்குப் பொட்டை எங்கடா வைக்கிறது?"

அன்றைக்கே ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி, சென்சாருக்கு மேலே ஒரு பட்டையாக ஸ்க்ரூ போட்டு நிறுத்தினாய். அதற்கப்புறம் நீ இருந்தவரை நம் கடையை விட்டு நெற்றி இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே போகவில்லை. கம்பெனிக்காரன் படத்தில் இல்லாத உறுப்பு அது.

கம்பெனிக்காரன் பெட்டியாகத்தான் விற்பான். ஒரு சக்கரம் தொலைந்தால் ஹெட்மாஸ்டர் பயந்துபோய் மொத்தப் பெட்டியையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். "ஒத்தச் சக்கரம் இல்லாம ஒரு கிளாஸே சும்மா உக்காந்திருக்குடா" என்று நீ பொருமுவாய். அதனால்தான் நம்மிடம் ஒற்றைச் சக்கரம், ஒற்றை வயர், பேட்டரி மாட்டுகிற கூடு, வண்டி கோடு பிடித்துப் போகத் தரையில் ஒட்டுகிற கறுப்பு டேப் என்று எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். நீ தமிழில் எழுதிய பாட அட்டையும் உண்டு. 'வண்டி கோட்டை விட்டு விலகினால் திட்ட வேண்டாம், பேட்டரியைப் பார்க்கவும்' என்று அதில் எழுதியிருந்தாய். அந்தத் 'திட்ட வேண்டாம்' எனக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

புதுச் சென்சாரை எடுத்துக்கொண்டு இன்று நானே திருக்காட்டுப்பள்ளிக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் நடவு. நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர மதியமாகிவிட்டது. "அந்த சார் இருந்தப்ப வந்த வண்டிக்கெல்லாம் ஒண்ணும் ஆகலைங்க. சித்திரைக்கு அப்புறம் வந்ததுக்குத்தான் நெத்தி இல்ல. பிள்ளைங்க கண்ணுலயே வச்சிடுச்சுங்க" என்றார் டீச்சர். எனக்குச் சுருக்கென்றது.

சென்சாரை மாட்டினேன். சோப்பு டப்பா மூடி ஒன்றை வாங்கி, வராண்டாவிலேயே உட்கார்ந்து கத்தரித்தேன். "சார், கோணலா இருக்கு" என்றாள் ஒரு பெண். "உன் நெத்தி மட்டும் நேரா இருக்கா?" என்றேன். எல்லாம் சிரித்தன. வண்டியை விட்டோம். நேரே சுவரைப் பார்த்துப் போய், ஒரு சாண் முன்னால் நின்றது. பிள்ளைகள் கூத்தாடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ பார்த்திருக்கலாம்.

திரும்பும்போது பூதலூர் தாண்டி திருச்சிக்காரரிடமிருந்து போன் வந்தது. ஓரமாக நிறுத்திப் பேசினேன்.

"மோட்டார், போர்டு, பிரிக்காத பெட்டி எல்லாம் எடுத்துக்கறேன் சார். ஒத்தச் சக்கரம், துண்டு துக்காணி எல்லாம் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுங்க. நாங்க செட்டாத்தான் விப்போம்."

"நீங்க வர வேண்டாங்க. கொடுக்கறதா இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்றே எனக்கு உறைத்தது. அப்படியே தங்கச்சியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"தப்புப் பண்ணிட்டேனாம்மா? எனக்குப் பத்தவைக்கக்கூடத் தெரியாது."

"எனக்குத் தெரியும்ணே" என்றார். "அவரு வீட்டுக்குக் கொண்டாந்த வேலையெல்லாம் யாரு பண்ணாங்கன்னு நினைச்சீங்க? அவருக்குத்தான் கண்ணு மங்கிப் போயி நாலஞ்சு வருஷமாச்சே. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நாளைக்கு நான் கடைக்கு வரட்டுமா?"

'அவன் கை மாதிரி வருமா' என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். நீயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய். கண் தெரியவில்லை என்று என்னிடம் சொல்ல உனக்கு என்னடா வெட்கம்? நேரில் இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

நாளைக் காலை தங்கச்சி வருகிறார். கடைக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஏன் மறைத்தாய் என்று கேட்டுச் சண்டை போடத்தான் எனக்கு ஆளில்லை. போடாத அந்தச் சண்டை இனி என்னோடுதான் இருக்கும்.