அப்பா தூக்கிய கொடி

என் அன்பு பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அப்பா சௌக்கியம் என்று அவரே சொல்லிக்கொள்கிறார், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா, அந்தக் குளிரில் ஈரத்தலையோடு வேலைக்கு ஓடுகிறாயா, ஒருவேளையாவது உட்கார்ந்து சாப்பிடுகிறாயா என்று கேட்க நிறைய இருக்கிறது. வாரம் இரண்டு தடவை ஃபோனில் பேசுகிறோமே, திடீரென்று எதற்குக் கடிதம் என்று உனக்குப் பக்கென்று இருக்கும். நான் ஃபோனை எடுத்தால் முன்னறைக் கடையில் அப்பாவின் தையல் மெஷின் தானாக நின்றுவிடும், உனக்கே தெரியும். அவர் காதில் விழாமல் உன்னிடம் பேச எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

போன மாதம் கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டம். அப்பா சின்ன வயதில் ஆடிய அச்சகத் தெரு கிளப்புக்கும் பஸ் டிப்போ கிளப்புக்கும். டிப்போக்காரர்கள் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு, கிளப் ஆரம்பித்துப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. சமமாக முடிந்தாலே போதும், அச்சகத் தெருவுக்கு. பழைய கிளப் ஆடும் ஆட்டத்தில் கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேனாக நிற்க மாட்டேன் என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். லீக் செயலாளர், அதுதான் நம் மருந்துக்கடைக்காரர், கேட்கவே இல்லை. "கொடி அண்ணன் நின்னா ரெண்டு பக்கமும் வாயைத் திறக்க மாட்டாங்க" என்றார். இருபத்திரண்டு வருஷம் கொடி பிடித்தவர், ஊரே அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறது, வேறென்ன சொல்ல முடியும். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது டிப்போக்காரர்கள் தூரத்திலிருந்து ஒரு பந்தை உதைத்தார்கள், நம் மாடிவீட்டுக் கண்டக்டர் தம்பி அதை விரட்டிப் பிடித்து கோல் போட்டுவிட்டான். அவன்தான் கேப்டன், முப்பத்தாறு வயது, இதுதான் கடைசி வருஷம் என்று பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஆட வந்தவன். சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்த்தால் கோட்டோரத்தில் அப்பாவின் கொடி மேலே நிற்கிறது. ஆஃப்சைடு. கோல் இல்லை. அவ்வளவுதான், ஆட்டம் சமம், கோப்பை அச்சகத் தெருவுக்கு.

அதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது. மறுநாளே டிப்போ ஆட்கள் வந்து, தைக்கக் கொடுத்திருந்த யூனிஃபார்ம் துணியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் கூடத் தேவலை. அதைவிட மோசம், அச்சகத் தெரு ஆட்கள் ஸ்வீட் பாக்ஸோடு கடைக்கு வந்தது. "என்ன இருந்தாலும் நம்ம ஆளு நம்ம ஆளுதான்" என்று அப்பாவின் தோளைத் தட்டி, கோப்பையோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பழைய சட்டைக்குப் பொத்தான் காஜா எடுக்க உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் பெண்டாட்டி என்னை மாடிக்குக் கூப்பிட்டு, யாரோ மொபைலில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். "நீங்களே பாருங்கக்கா, எங்கயாவது ஆஃப்சைடு தெரியுதா?" என்றாள். முப்பது வருஷம் அப்பாவோடு குடித்தனம் நடத்தியதில் எனக்குச் சமையலுக்கு அடுத்தபடி நன்றாகத் தெரிந்தது ஆஃப்சைடுதான். பந்தை உதைக்கிற அதே நொடியில், முன்னால் ஓடுகிறவன் எதிரணியில் கோல்கீப்பர் போகக் கடைசி ஆளைத் தாண்டி நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். உதைக்கிறவன் ஒரு கோடியில், ஓடுகிறவன் இன்னொரு கோடியில், இரண்டும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். தம்பி தாண்டவில்லை பாப்பா, ஒரு அடி பின்னால்தான் இருந்தான். ஆனால் நான் தம்பியைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தேன். உதைக்கிறவனைப் பார்க்க அவர் முகத்தை முழுசாக இடப்பக்கம் திருப்புகிறார், பிறகு முழுசாக வலப்பக்கம் திருப்புகிறார். அந்த இடைவெளியில் தம்பி ஓடித் தாண்டிவிட்டான். அவர் பார்க்கும்போது அவன் அப்பால் நிற்கிறான், கொடி தூக்கிவிட்டார்.

வீடியோவை நாலு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் வைத்த காபி டம்ளரை அப்பாவின் கை தட்டிவிடுவது, கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வது, பக்கத்தில் நான் நிற்கும்போதே எங்கே போனாய் என்று கூப்பிடுவது, எல்லாவற்றையும் கவனக்குறைவு என்று சொல்லித் திட்டித் திட்டியே இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். கண்ணைக் காட்டலாம் என்று சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் முன்னாலேயே மிக நைசான ஊசியை எடுத்து ஒரே தடவையில் நூலைக் கோத்து, "இந்தா, இதுக்குமேல என்ன கண்ணு வேணும்?" என்று நீட்டினார். நானும் சளைத்தவளா, எனக்குத்தான் கண் மங்கலாக இருக்கிறது, துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வந்ததுதான் வந்தீர்கள் என்று அவரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டேன். ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அமுக்குவார், நிறுத்துவார், நெடுநேரம் சும்மா இருப்பார். மெஷின் நின்றுவிட்டதா என்று கூடக் கேட்டார். அது நிற்கவே இல்லை பாப்பா. டாக்டர் அம்மா காட்டிய தாளில் சுற்றிலும் கருப்பு, நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளை. நேரே பார்ப்பது தெரியும், பக்கவாட்டில் போனது போனதுதான், திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடலாம் என்றார். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "எத்தனை நாளா டாக்டர்?" பல வருஷமாக இருக்கலாம், மெதுவாகப் போவதால் ஆளுக்கே தெரியாது என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் நான், நாளைக்கே இந்தத் தாளை மருந்துக்கடைக்காரரிடம் காட்டுவோம், பேராவது மிஞ்சும் என்றேன். அப்பா அந்தத் தாளை நாலாக மடித்து என் கையிலேயே திணித்தார். அப்புறம் சொன்னார், "இந்த ஒரு ஆட்டத்துல தப்பு பண்ணினவனா நான் இருந்துட்டுப் போறேன். கண்ணு தெரியலைன்னு சொன்னா, இத்தனை வருஷமா நான் தூக்கின கொடி எல்லாத்தையும் தோண்டுவாங்க. எந்தக் கிளப் கீழே போச்சு, எவன் ஜெயிச்சான், எவன் மனசு விட்டுப்போய் ஆட்டத்தையே நிறுத்தினான், எதுன்னு நான் போய்ச் சரி பண்ணுவேன்?" என்றார். வெளியாள் யாரிடமும் சொல்லக் கூடாது என்று உன் பேரில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நீ வெளியாள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

லீக்காரர்கள் அப்பாவைக் கூப்பிட்டு வைத்த விசாரணை மருந்துக்கடை மாடியில் நடந்தது. நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், அந்தத் தாள் என் பையில்தான் இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் உள்ளே போயிருக்கலாம். எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது. செயலாளர் அப்பாவிடம், "கண்ணு தப்பிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணே, நாங்க விட்டுடறோம்" என்று கேட்கிறார். அவர் ஏதும் தெரியாமல்தான் அப்படிக் கேட்டார். அதற்கு நம் அப்பா, "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பழைய கிளப்புங்கிற பாசம், கை தூக்கிடுச்சு" என்றார். இனி எந்த ஆட்டத்திலும் கொடி பிடிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஒருநாள் கண்டக்டர் தம்பி படியில் என்னை மறித்து நின்றான். "கோப்பை போனா போகட்டும்க்கா. தப்பா தெரிஞ்சிடுச்சுன்னு சொல்லியிருந்தா அண்ணன்கூட உக்காந்து டீ குடிச்சிருப்பேன். பாசத்துல பண்ணினேன்னு சொன்னாரு பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்றான், கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. எங்கே சொல்லிவிடுவேனோ என்று பயந்து, தண்ணீர் மோட்டார் போடணும் தம்பி என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன். அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, இவரைப் பார்த்தால் அதைவிடப் பாவமாக இருக்கிறது, நடுவில் நான் எதற்கு இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

இப்போது தெருவில் வண்டி வரும் பக்கமாக அவரை ஒட்டியே நடக்கிறேன். வயசான காலத்தில் என்ன இது கொஞ்சல் என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலையை ஓரம் கட்டிவிட்டு, மைதானத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். யாரும் நிற்காத மூலையாகப் பார்த்துக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஏதோ நட்பு ஆட்டம். அப்பா இருந்த இடத்தில் ஒரு புது லைன்ஸ்மேன், கொடியைத் தூக்கினார். ஆட்டக்காரர்கள் கத்தினார்கள். அப்பா மெல்ல, "சரியான கொடி" என்றார். உங்களுக்குத் தெரிந்ததா என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "தெரியல. சரியா இருக்கணும்னு ஆசைப்பட்டேன்" என்றார். அப்படியே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னால் அங்கிருந்து என்ன செய்ய முடியும், ஒன்றும் முடியாது, இங்கே பக்கத்தில் இருக்கிற என்னாலேயே முடியவில்லை. இதைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. ஆனால் ஒன்று மட்டும் தள்ளிப்போடாமல் செய். இது பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் வரலாம், உங்கள் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் அம்மா இரண்டு தடவை சொன்னார். போய்ச் சும்மா எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டிவிட்டு வந்துவிடாதே, அப்பா கடைசி வரி வரை கடகடவென்று படித்தவர். பக்கப் பார்வையைப் பாருங்கள் என்று நீயே வாய் திறந்து கேள். என்ன சொன்னார்கள் என்று கண்டக்டர் வீட்டு முகவரிக்கு என் பேரில் எழுது, அவன் பெண்டாட்டி பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடுவாள், ஃபோனில் வேண்டாம். உனக்கும் இருக்கிறது என்று தெரிந்தால், அதையும் தான் செய்த தப்பு என்று ஒத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் அந்த மனுஷன்.

நோய் நொடி அண்டாமல் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டு.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா