மஞ்சள் சுவரில் மூன்று பட்டை

அண்ணி,

இன்று காலை மருமகள் ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிட்டிருந்தாள். வந்தவர் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார். அந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் நான் நாற்காலியை விட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். "பெயிண்ட் வாசனை ஒத்துக்கலையா அத்தை?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. உள்ளே மஞ்சள் இருந்துவிடுமோ என்று பயம். காரைக்காலில், சொந்த வீட்டில், இந்த வயதில் நான் ஒரு பெயிண்ட் டப்பாவுக்குப் பயப்படுகிறேன் என்றால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று வெகுகாலமாக என்னிடம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சுவரிலிருந்து தொடங்கி வருகிறேன்.

சைகோனில் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நம் வீடு. முன்னறையை நாம் சலோன் என்போம். காரைக்கால்காரர்கள் கஞ்சி குடித்தாலும் பிரெஞ்சுப் பெயரை விடமாட்டார்கள். பெயர்தான் சலோன், உள்ளே உப்புப் பூத்த சுவரும், கால் ஆடும் பெஞ்சு ஒன்றும், புகை படிந்த கூரையும். கான் ஹொய் துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியதும் நீங்கள் அறையின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று சுற்றிப் பார்த்தீர்கள்.

"இந்த சலோன்ல உன்னைக் கொண்டாந்து நிறுத்தினா, பொண்ணு புடிச்சிருக்கு, சுவரு புடிக்கலன்னு எழுந்து போயிடுவாங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. அவர் அரசாங்கக் கிடங்கில் எழுத்தராக இருந்தார். அந்த வேலைக்காகவே அந்த நாட்டுப் பிரஜையாக மாறியவர். உங்களுக்கும் எனக்கும் பழைய பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் இருந்தது, அவருக்கு இல்லை. வியட்நாமியரின் டெட் புத்தாண்டு முடிந்த சமயம் அது. வடக்கே ஒவ்வொரு ஊராக விழுந்துகொண்டிருப்பதாக வானொலி சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊர் கைமாறினால் அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களை என்ன செய்வார்கள் என்பதுதான் சந்து முழுவதும் பேச்சு. அண்ணனுக்கு எதிரே மட்டும் அதை யாரும் பேசமாட்டார்கள்.

"ஊரே மூட்டை கட்டுது. நீ சுவத்துக்கு வர்ணம் அடிக்கப் போறியா?" என்றார்.

"கட்டுறவங்க கட்டட்டும். நம்ம வீட்டுக்கு வர்றவங்க உக்கார எடம் வேணுமா வேணாமா?"

உங்களிடம் யார் பேசி ஜெயிப்பது? நாத்தனார் என்ற முறையில் நானும் எவ்வளவோ முயன்று பார்த்தவள்தான்.

செலவுக்கு உங்கள் கையில் இருந்தது கொஞ்சம்தான். ஆனால் அந்த மாதம் சைகோனில் வீட்டுச் சாமான் மண் விலைக்குக் கிடைத்தது. ஊரை விட்டுப் போகிறவர்கள் நடைபாதையிலேயே கடை பரப்பியிருந்தார்கள். இரண்டு பிரம்பு நாற்காலிகளை ஒரு வக்கீல் மனைவியிடம் வாங்கினோம். நீங்கள் பேரத்துக்குத் தயாராகத் தொண்டையைச் செருமினீர்கள். நீங்கள் கேட்ட விலைக்கே அந்த அம்மா தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வழியெல்லாம் நீங்கள் குறைபட்டுக்கொண்டே வந்தீர்கள். "கட்டாதுன்னு ஒரு வார்த்தை கூடச் சொல்லலியே. எனக்கு என்னமோ இது நல்லாப் படல." வீட்டில் வந்து துடைத்தபோது பிரம்புப் பின்னலில் ஒரு சின்னப் பெண்ணின் தலை ரிப்பன் சிக்கியிருந்தது. நீங்கள் அதை எடுத்துத் தூரப் போடாமல் மாடத்தில் வைத்தீர்கள்.

திரைக்குப் பாராசூட் துணி. அதைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துச் சந்தன நிறத்துக்குக் கொண்டுவந்தீர்கள். தோட்டாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உங்கள் பழைய பட்டுப் புடவையை விரித்ததும் அது மேசையாகிவிட்டது. மேசைக்கு அடியில் என்ன எழுத்து அச்சடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டாம் என்று எனக்குக் கட்டளை. அலங்காரமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சாமானும் வீட்டுக்குள் வரும்போது யாரோ ஒருவர் ஊரை விட்டுப் போயிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

வர்ணம்தான் எல்லாவற்றையும்விட மலிவு. அதற்குச் சில காலம் முன்பு வீட்டுக்கு வீடு கொடி வரைய வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மஞ்சள் துணியில் குறுக்காக மூன்று சிவப்புக் கோடு. அதுதான் அந்த அரசாங்கத்தின் கொடி. அதற்காக வாங்கிக் குவித்த மஞ்சளும் சிவப்பும் சீனர் கடையில் தேங்கிக் கிடந்தன. கடைக்காரர் டப்பாக்களின் தூசியைத் தட்டி, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்பதுபோல் கொடுத்தார். கொடியின் மிச்சம் என்று தெரிந்தேதான் வாங்கி வந்தோம்.

"மஞ்சள் மங்களம். குறுக்கால மூணு காவிப் பட்டை இழுத்தா சாமி நெத்தி மாதிரி இருக்கும். அவங்க திருநீறு பூசாம தண்ணி குடிக்காத குடும்பமாம்" என்றீர்கள். செங்கல் பொடியில் தோய்த்த நூலின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நீங்கள் இழுத்துச் சுண்டினீர்கள். மஞ்சள் சுவரில், நெஞ்சு உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மூன்று சிவப்புப் பட்டைகள். முடித்துவிட்டு இருவரும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தோம். எனக்குச் சிவன் நெற்றிதான் தெரிந்தது அண்ணி. சத்தியமாக வேறொன்றும் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். சித்திரையில் முகூர்த்தம் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார்கள். பங்குனி முடிவதற்குள் குடும்பத்தோடு விமானம் ஏறிவிட்டார்கள் என்று கான் ஹொயிலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். எனக்கு வருத்தமே இல்லை என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் நம்பியதுபோல் தலையாட்டினீர்கள்.

பிறகு அந்தச் சித்திரை வந்தது. பெரிய தெருவில் டாங்கிகள் போகும்போது சலோன் சுவர் அதிர்ந்தது. வானொலியில் அரசாங்கம் சரணடைந்ததைச் சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தோம். வெளியே சத்தம் அடங்கிய பிறகு, பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெண்மணி பா து உப்புக் கேட்டு வந்தார். வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு எப்போதும் சிரித்தபடி நேராக அடுக்களை வரை வருகிற அவர், அன்றைக்கு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கண் சுவர் மேல் இருந்தது. "த்ரோய் ஓய்" என்றார். கடவுளே என்று அர்த்தம். உப்பு வாங்காமல், நம் கதவை அவரே வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

நாம் மூவரும் திரும்பிப் பார்த்தோம்.

"கொடி" என்றார் அண்ணன்.

இத்தனை நாள் அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். விழுந்துபோன அரசாங்கத்தின் கொடியை வீட்டுச் சுவர் அளவுக்கு எழுதி வைத்திருக்கிறோம், அதுவும் அந்த அரசாங்கத்தின் சம்பளம் வாங்கிய மனிதரின் வீட்டில். புதியவர்கள் வீடு வீடாக ஆள் கணக்கு எடுக்க வரப்போகிறார்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. நீங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். "என் கையாலயே அவருக்குக் குழி வெட்டிட்டேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னீர்கள்.

சுண்ணாம்பு தேடிப் போனால் ஊரில் சுண்ணாம்பே இல்லை. ஊர் முழுக்கக் கொடியை அழித்துக்கொண்டிருந்ததே, எப்படிக் கிடைக்கும்? கோயிலில் கேட்டோம். மதிலுக்கு வைத்திருந்ததையும் யாரோ வாங்கிப் போய்விட்டார்கள் என்றார்கள். கடைசியில் பா துதான் தன் வெற்றிலைச் சுண்ணாம்புக் கலயத்தைக் கொண்டுவந்தார். அந்தக் கலயத்தை அடியோடு வழிக்கக் கூடாது, வழித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. அன்றைக்கு அவர் முனகிக்கொண்டே வழித்துக் கொடுத்தார். சந்தில் வெற்றிலை போடுகிற மற்றப் பெண்களிடமும் வாங்கிச் சேர்த்தார். அரிசிக் கஞ்சியில் கரைத்து, தேங்காய் நாரால் நீங்கள் பூசினீர்கள். சுவர் வெளுத்தது. அண்ணன் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

எண்ணெய் வர்ணத்தின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது என்று நமக்கு யார் சொன்னார்கள்? மழைக்காலம் தொடங்கியது. ஒவ்வொரு மழைக்கும் சுவர் ஈரத்தில் ஊறும், சுண்ணாம்புக்குள்ளிருந்து மூன்று கோடுகளும் மெல்ல மேலே வரும். முதலில் இளஞ்சிவப்பாக, சாயங்காலத்துக்குள் நன்றாகவே தெரியும்படி. காயத்தில் கட்டிய துணியில் ரத்தம் ஊறி வருமே, அப்படி. நீங்கள் மறுபடியும் பூசுவீர்கள். மறுபடியும் வரும். எனக்கு அந்த அறையில் இருக்கவே பயமாக இருந்தது. வானம் இருட்டினால் போதும், அண்ணன் பேச்சை நிறுத்திவிடுவார்.

ஆள் கணக்கு எடுக்க அவர்கள் வந்த பகலிலும் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நீங்கள் பாராசூட் திரையைச் சுவரை மறைத்துத் தொங்கவிட்டிருந்தீர்கள். இரண்டு ஆண்கள், கழுத்தில் கட்டம் போட்ட துண்டுடன் ஓர் இளம்பெண். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த தேநீரை மரியாதையாக இரு கையாலும் வாங்கிக் குடித்தார்கள். காற்று அடித்துத் திரை உப்பியது. அந்தப் பெண் எழுந்து போய் ஒரு விரலால் திரையை விலக்கிப் பார்த்தாள். உங்கள் கை என் முழங்கையைப் பிடித்தது. நகம் பதிந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

"ஈரம்" என்றாள் அவள், வியட்நாமிய மொழியில். "எங்கள் ஊர் வீட்டிலும் இப்படித்தான். மழைக்காலம் முடிந்ததும் பூசுங்கள், அப்போதுதான் நிற்கும்." திரையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகுதான், எழுந்து புறப்படுகிற நேரத்தில், அண்ணனிடம் சொன்னார்கள். பழைய அரசாங்க ஊழியர்கள் அரசியல் படிப்புக்கு வர வேண்டும். சில நாள்தான். மாற்றுத் துணியும் கொசுவலையும் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணமும் எடுத்து வந்தால் போதும். அதட்டல் இல்லை. வீடு அழகாக இருக்கிறது என்றுகூட அந்தப் பெண் உங்களைப் பாராட்டினாள்.

அவர்கள் தலை மறைந்ததும் நீங்கள் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினீர்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சிரித்தீர்கள். சுவர் தப்பிவிட்டது என்பதைத் தவிர நமக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அண்ணன் பையை நீங்கள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கட்டினீர்கள். "படிக்கத்தானே போறாரு. உங்கண்ணன் பள்ளிக்கூடத்துல ஒழுங்காப் படிச்சதில்ல, இப்பவாவது படிக்கட்டும்." அவரும் சிரித்தார். தெருமுனையில் திரும்பிக் கை ஆட்டினார். சுவரையே காத்துக்கொண்டு நின்றோம் அண்ணி. ஆள் கையை விட்டுப் போனதை நம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் வரவில்லை. சில நாள் மாதமாயிற்று. வெளிநாட்டுக் காகிதம் உள்ளவர்களுக்கு விமானம் விட்டபோது உங்களுக்கும் எனக்கும் இடம் கிடைத்தது. நீங்கள் வரமாட்டேன் என்றீர்கள். நான் கத்தினேன், திட்டினேன், உங்கள் காலில்கூட விழுந்தேன்.

"அவரு வரும்போது கதவைத் தொறக்க வீட்ல ஆள் வேணும். நீ போ."

என்ன பிடிவாதம் அது! இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் முதலில் வருகிறது, அழுகை அதற்குப் பிறகுதான். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு தனியாக இருந்தீர்கள். மூன்றாவது மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அந்த மாரியம்மன் கோயிலிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் வந்து சொன்னார்.

இனி அந்தச் செய்தி. அண்ணன் வந்துவிட்டார் அண்ணி. நீங்கள் போன அடுத்த தை மாதம் அந்தப் படிப்பு முகாமிலிருந்து அவரை விட்டுவிட்டார்கள். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு வந்தார். பா துதான் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். பிற்பாடு அண்ணன் காரைக்காலுக்கு என்னிடமே வந்து சேர்ந்து, நல்ல வயது வரை இருந்துவிட்டுத்தான் போனார். மேலே போய் அவரே உங்களிடம் சொல்லியிருப்பார் என்று மருமகள் சொல்கிறாள். எனக்கு அதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதனால் நானே சொல்கிறேன். உங்களிடம் சேர்க்க முடியாமல் இத்தனை காலம் நான் சுமந்துகொண்டு திரிவது இது ஒன்றைத்தான்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த நாட்களைப் பற்றி அவர் எப்போதாவது ஒரு தடவைதான் பேசுவார். அப்படிச் சொன்னது இது. திரும்பி வந்து வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது, பூச ஆளில்லாமல் சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்து, மூன்று பட்டையும் பளிச்சென்று நின்றதாம். விடுதலையாகி வந்தவர் வீட்டுக்கு வாரம் தவறாமல் அதிகாரிகள் பார்வையிட வருவார்கள். அதனால் அன்றைக்கே சுண்ணாம்பு வாங்கி, நீங்கள் போட்ட கோடுகளை அவர் கையாலேயே பூசி மறைத்திருக்கிறார்.

"அப்புறம் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன, நாற்காலியைச் சுவத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கிட்டு, மழை எப்ப வரும்னு உக்காந்திருந்தேன்."

ஊரை விட்டுப் போக அவருக்கு அனுமதி வந்த பிறகும், அண்ணி, இரண்டு மழைக்காலம் அவர் கிளம்பவில்லை.