வள்ளம் இழுக்க ஒரு கை

ஹெந்தளை,
சனிக்கிழமை காலை.

பேர்னாட் அண்ணாவுக்கு,

நீ அப்பாவைக் கண்டாய். கண்ட பிறகுதான் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பினாய். மீன் கூடையோடு நானும் அந்த ஓட்டல் கரையில்தான் நின்றேன்.

இத்தாலியிலிருந்து நீ வந்ததே எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஒழுங்கைக்குப் பின்னால் இருக்கிற ஓட்டலில் அண்ணி வீட்டாரோடு தங்கியிருப்பாய் என்று யார் நினைத்தது? விருந்தினர் குளிக்கிற நேரத்தில் அந்தக் கரையில் வள்ளம் ஏற்றக் கூடாதாம். கடலையும் வாங்கிவிட்டார்கள் போல. அன்று நீரோட்டம் தள்ளியதால் அப்பாவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கரையில் நிற்கிறவன் யாரானாலும் வள்ளத்துக்குக் கை கொடுப்பான். அதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று வெள்ளைக்காரர்கள்கூடச் சிரித்துக்கொண்டு ஓடிவந்து இழுத்தார்கள். உன் மாமனாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இழுத்தார். நீ படம் எடுத்தாய்.

இழுத்தவர்களுக்கு மீன் பங்கிட்டபோது அப்பா ஒரு பாரையைத் தனியே எடுத்துவைத்தார். பின்னேரம் அதோடு ஓட்டல் கேற்றில் போய் நின்றிருக்கிறார். காவலாளி விரட்டிவிட்டான். வீட்டுக்கு வந்து, "கண் மங்கிப்போச்சு பிள்ளை, அது வேற ஆரோ. அவன் வந்தா வீட்டுக்கெல்லோ வருவான்" என்றார்.

மறுநாள் ஓட்டல் கரைப் பக்கமே வராமல் வள்ளத்தைக் கல்லுப் பக்கம் திருப்பினாராம். ஏன் என்று கூடப்போன ஸமீம் நானா கேட்டதற்கு, "பெடியன் சம்பந்தி ஆக்களோட நிக்கிறான், வெட்கப்படுவான்" என்றாராம்.

வள்ளம் கல்லில் ஏறியது. அப்பாவின் கால் நடுவில் அகப்பட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். காலைப் பற்றிப் பேச்சே இல்லை, வள்ளத்தைத்தான் கேட்கிறார். ஒவ்வொரு அலையும் அதைக் கல்லில் அடிக்கிறது. இங்கே தொழில் செய்தவர்கள் இந்த ஓட்டல் வந்த பிறகு மட்டக்குளிக்கும் இரத்மலானை பக்டரிகளுக்கும் போய்விட்டார்கள். நானும் ஸமீம் நானாவும் இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை.

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் உன் கையிலேயே கொடுத்ததாகக் காவலாளி சொல்கிறான்.

அப்பாவைப் பற்றி அண்ணிக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நீ வீட்டுக்கு வர வேண்டாம், ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டாம். மாதா உன் பிள்ளைகளைக் காப்பாற்றட்டும். கேற்றடியில்தான் நிற்கிறேன். மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, அவருக்கு ஒளித்து வந்தாலும் சரி, வந்து அந்த வள்ளத்தில் கை வை.

தங்கச்சி,
மெற்றில்டா